மூன்றாவது விசில்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. கோவில்பட்டியில் அண்ணாச்சி வளவின் கடைசி வீட்டில் குடியிருந்துவிட்டு எங்கள் தெருவுக்கு வந்துசேர்ந்த ராமலட்சுமியக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பாதியைக் கண்ணால் பார்த்தவள், மீதியைக் குழாயடியில் கேட்டவள். எது எந்தப் பாதி என்று குறுக்கே கேட்டால் கதையை அப்படியே விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள் என்பதால், அவள் சொன்ன போக்கிலேயே நானும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே பெரிய வாசலுக்குள் எதிரும் புதிருமாக வரிசை வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், வாசலை ஒட்டிய முன்வீட்டில் எல்லா வீடுகளுக்கும் சொந்தக்காரரான சங்கரலிங்க அண்ணாச்சி. அதுதான் வளவு. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள், ஒரு வீட்டுச் சண்டைக்குப் பக்கத்து வீட்டில் தீர்ப்புச் சொல்லுவார்கள், ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாத ஒன்றிரண்டு விஷயங்கள் இருக்கத்தான் செய்தன, ஏனென்றால் அதுகூட இல்லாவிட்டால் கதவு எதற்கு. அந்த வளவில், ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு காலையில், தாயம்மாள் வீட்டுக் குக்கர் முதல் விசிலை எல்லா நாளும் போல அடித்தது, இரண்டாவது விசிலையும் அப்படியே அடித்தது, மூன்றாவது விசிலுக்குப் பேசியது.

ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது, பெண் குரல் என்றும் சொல்ல முடியாது. ஆவிக்கு நாக்கு முளைத்தால் எப்படியிருக்குமோ அப்படி, சீறலும் சொல்லுமாகக் கலந்து வந்தது. “ஆண்டவரே, தாயம்மா அக்கா மார்புல இருக்க கட்டி கெட்ட கட்டியா இருக்கக் கூடாது. அவங்க பயத்த எடுத்துப் போடுங்க. மகன்கிட்ட சொல்லுததுக்கு அவங்களுக்குத் தைரியம் குடுங்க.” அவ்வளவு சொல்லிவிட்டு வெயிட் கீழே உட்கார்ந்துகொண்டது. அடுப்படி வாசலில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்த மகன் பொன்னுச்சாமி, குக்கர் பேசியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “எந்தக் கட்டிம்மா?” என்றுதான் கேட்டான்.

மறுநாள் லாரி ஓட்டுகிற சடையாண்டி வீட்டில் பேசியது. “சடையாண்டி அண்ணன் குடிச்சிட்டு வண்டியில ஏறாம தடுத்து நிறுத்துங்க இயேசப்பா” என்றது. சடையாண்டி எழுந்துபோய் அடுப்புக்கு முன்னால் நின்று, “யாரு போட்டுக் குடுத்தது?” என்று குக்கரைக் கேட்டார். “அதுகிட்டப் போயி ஏன் சண்ட போடுதீரு, சோறு வேகட்டும், தள்ளும்” என்றாள் அவர் மனைவி. ராமலட்சுமியக்கா வீட்டில், வெளிநாட்டுக்குப் போய்ப் போன் பேசாமல் இருந்த அவளுடைய தம்பிக்காகப் பேசியது. இப்படி வீடு வீடாக, அந்தந்த வீட்டுக் குறையை அந்தந்த வீட்டு அடுப்படியில் மட்டும், அடுத்த வீட்டுக்குக் கேட்காத சன்னக் குரலில் சொல்லிக்கொண்டே போனது.

வளவு இதைத் தனக்குத் தெரிந்த வழியில் எதிர்கொண்டது. குக்கர் ரிப்பேர் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார்கள். அவர் கேஸ்கட்டை இழுத்துப் பார்த்தார், வெயிட்டைக் காதில் வைத்து ஆட்டினார், ஊசியால் துவாரத்தைக் குத்திவிட்டு, “சாமானுல ஒரு கொறையும் இல்ல, வேகுற வீட்டுலதான் என்னமோ இருக்கு” என்று சொல்லிப்போனார். அவர் சொன்னது சரியா என்று பார்க்க, இரண்டு வீட்டுக்காரர்கள் குக்கரை மாற்றிவைத்துப் பார்த்தார்கள். குக்கர் மாறினாலும் அந்தந்த வீட்டுப் பேச்சு அந்தந்த வீட்டிலேயே நின்றது. பிறகு பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவர் உடுக்கையை ஒரு சுற்று அடித்து நிறுத்திவிட்டு, “ஏசுனா கட்டலாம், சபிச்சாக் கட்டலாம், நல்லா இருக்கணும்னு சொல்லுத வாய எதுக்கு நான் கட்டணும்” என்று வெற்றிலையை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அதற்குப் பிறகு பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. சில வீடுகளில் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, பழையபடி பானையில் சோறு வடித்தார்கள். கேஸ் சீக்கிரம் தீர்ந்தது, கஞ்சி வீணானது, அதற்கும் சண்டை வந்தது. சில வீடுகளில் ஆண்கள் இரண்டாவது விசிலோடு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். விருந்தாளி வந்தால் சோற்றை ஓட்டலில் வாங்கினார்கள். ஆனால் மத்தியானம் ஆளில்லாத நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, குக்கரில் அரிசியில்லாமல் வெறுந்தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தவர்களும் உண்டு. “எனக்காக ஒருத்தர் இப்பிடி மன்றாடி நான் கேட்டதே இல்ல, அதான் வச்சேன்” என்றாள் ராமலட்சுமியக்கா. அவள் வைத்தது ஒருமுறையா பலமுறையா என்று நான் கேட்கவில்லை.

செண்பகவல்லி வீட்டுக் குக்கரும் பேசியது. அவள்தான் அதைக் கேட்டுக் கையிலிருந்த கரண்டியைத் தவறவிட்டவள், ஏனென்றால் அந்தச் சொற்கள் அன்று விடியற்காலையில் குழாயடியில் குடத்தை நிறைத்துக்கொண்டிருக்கும்போது அவள் தன் புருஷனுக்காக மனதுக்குள் சொன்னவை. ஒரு சொல் கூட மாறவில்லை. “அவுக கைய அந்தப் பாகு சுட்டுராமப் பாத்துக்கிடுங்க.”

அந்த ஊரின் அம்மன் பெயரை வைத்திருந்தவள் செண்பகவல்லி. நெற்றியில் குங்குமம் வைப்பாள், வெள்ளிக்கிழமை வாசல் தெளித்துக் கோலம் போடுவாள், பங்குனியில் மற்றப் பெண்களோடு முளைப்பாரியும் தூக்குவாள். அதோடு, வியாழக்கிழமை சந்தைக்கு என்று சொல்லிவிட்டு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டுவீட்டில் நடக்கிற ஜெபக்கூட்டத்துக்கும் போய்வருவாள், திரும்பும்போது கத்தரிக்காயும் வாங்கிவருவாள். புருஷனுக்குத் தெரியாது, வளவுக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஜெபக் குறிப்புச் சொல்ல வேண்டும், யாருக்காக, எதற்காக என்று. முதலில் தன் குறையைச் சொன்னாள். அதைச் சொல்லி முடித்ததும் வளவின் குறைகளைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வழக்கமாகிப்போய், குழாயடியில் யாராவது கண்ணைக் கசக்கினால், பக்கத்தில் போய், “என்னக்கா, எங்கிட்டச் சொல்லேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். அவளிடம் சொன்னால் வெளியே போகாது என்று வளவில் அவளுக்கு நல்ல பெயர். குடம் தூக்கும்போது, அரிசி களையும்போது, வாசல் பெருக்கும்போது உதடு அசையாமல் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அது அவளுக்கும் மேலே இருக்கிறவருக்கும் மட்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

வளவில் வெளிப்படையாகக் கிறிஸ்தவர் என்றால் எஸ்தர் டீச்சர் ஒருத்திதான். பால்வாடிக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். ஞாயிறு காலையில் கஞ்சி போட்ட சேலை கட்டி, ஜிப் வைத்த பையில் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்வருவாள், கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டுக்கும் கேக் கொடுப்பாள், தீபாவளிக்கு எல்லா வீட்டு அதிரசத்தையும் வாங்கிக்கொள்வாள், அதற்கு மேல் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டாள். சடையாண்டி வீட்டுக் குக்கர் இயேசப்பா என்று சொன்ன அன்றே வளவு அவளைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

தாயம்மாள் மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மதுரைக்குப் போய் ஊசி வைத்துச் சதையெடுத்துவிட்டு வந்த சாயங்காலம், நேராக செண்பகவல்லியின் அடுப்படிக்குள் வந்து, தரையில் உட்கார்ந்து, முந்தானையால் காற்று வீசிக்கொண்டு, அவள் முறத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்ததும் சொன்னாள்.

“உங்கிட்ட மட்டுந்தானட்டி சொன்னேன்.”

செண்பகவல்லிக்குக் கையும் ஓடவில்லை, பொய்யும் வரவில்லை. “நான் யாருகிட்டயும் சொல்லலக்கா” என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, “அவர்கிட்டத்தான் சொன்னேன்” என்றாள்.

“எவர்கிட்ட?”

செண்பகவல்லி கீழே வைத்த முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். தாயம்மாள் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “எம் மகன் முன்னாடி, மார்பு, கட்டின்னு அந்தச் சனியன் பேசுது. நான் முகத்த எங்க கொண்டு வைக்க? அவன் அன்னிக்கே கையப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டான். இல்லன்னா நான் போயிருக்க மாட்டேன், அது வேற. ஆனா நீ அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருக்கே. சொன்னேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேட்டி. அவர் யாருன்னு கூடச் சொல்லலியே. என்னயப் பத்தி ரெண்டு பேரும் எனக்குத் தெரியாமப் பேசிருக்கீக.” எழுந்து, சேலையை உதறி, “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாத” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் காட்டிக்கொடுத்திருந்தால்கூட செண்பகவல்லிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் மத்தியானம் புருஷன் வேல்மயிலுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அண்ணாச்சியின் கடலைமிட்டாய் ஷெட்டில் பாகு காய்ச்சுகிறவன் அவன். வெல்லப்பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். வேல்மயில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டு, உறைந்ததை எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டி, அந்தச் சத்தத்தில் தெரிந்துகொள்வான். அன்றும் தட்டிப் பார்த்துவிட்டு, தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு, சுற்றிலும் ஆளில்லையென்று பார்த்துக்கொண்டு சொன்னான்.

“வாய மூடிட்டு இரு. அது போதும்.”

“நான் வாயே தொறக்கலியே.”

“அதான் பிரச்சனையா இருக்கு.” சோற்றைப் பிசைந்தான். “நம்ம வீட்டுல அது பேசுன மொத நாளே தெரியும் எனக்கு. அடுப்படியில நின்னு கேட்டேன். கொரல் ஓடுதுல்ல, ஒரு இடத்துல மூச்சு வாங்கி, பெறகு கடகடன்னு போகுதுல்ல, அது நீதான். நீ எதக் கும்பிட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அண்ணாச்சி சொல்லிட்டாரு, இது எந்த வீட்டுலருந்து வருதோ அந்த வீடு காலி பண்ணணும்னு. வேலையும் அவர்கிட்ட, வீடும் அவர்கிட்ட. நாம எங்க போக?” பிறகு வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, “கையச் சுட்டுராமன்னு சொன்னேல்ல” என்றான், அடுத்த உருண்டையைப் பிடித்தான்.

அன்றிலிருந்து செண்பகவல்லி ஜெபம் பண்ணாமல் இருக்கப் பார்த்தாள். வாயை மூடுவது எல்லோராலும் முடியும், மனதை மூடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. குழாயடியில் தாயம்மாளின் முகம் தெரிந்தால் உடனே குடத்தின் விளிம்பைப் பார்த்தாள், சடையாண்டியின் லாரிச் சத்தம் கேட்டால் மிளகாய் வற்றலின் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள், நெஞ்சுக்குள் ஒரு பெயர் எழும்பும்போதெல்லாம் அதற்கு மேல் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு அமுக்கினாள். மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடப்பதைப்போல நடந்தாள். வியாழக்கிழமை சந்தைக்குப் போனவள் சந்தைக்கு மட்டுமே போய்விட்டு வந்தாள்.

குக்கர்கள் மூன்றாவது விசிலையும் வெறும் விசிலாகவே அடித்தன. பரணில் ஏற்றியவர்கள் இறக்கினார்கள். வளவு நிம்மதியாக இருக்க வேண்டியது. ஆனால் ஆட்கள் மூன்றாவது விசில் வரும் நேரத்தில் பேச்சை நிறுத்தி அடுப்படிப் பக்கம் பார்த்தார்கள், பிறகு எதுவும் நடக்காததுபோல் பேச்சைத் தொடர்ந்தார்கள். சடையாண்டி ஒருநாள் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்று, குரலைத் தணித்து, “டீச்சர், நிறுத்திட்டீங்களாக்கும்?” என்று கேட்டாராம். டீச்சர் விழித்தாள். அவர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

பேச்சு நின்ற பிறகாவது அண்ணாச்சி விட்டிருக்கலாம். விடவில்லை. அது ஏனென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் மறக்கத் தொடங்கிய நேரத்தில் அவருக்குக் கோபம் கூடிக்கொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்கு ஓர் ஆளை வரச்சொல்லி, எஸ்தர் டீச்சர் கோயில் முடிந்து வாசலுக்குள் நுழைந்ததும் சொன்னார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. வேற வீடு பாத்துக்கிடுங்க.”

டீச்சர் பையை மாரோடு அணைத்துக்கொண்டாள். “எதுக்கு அண்ணாச்சி?”

“உங்க சாமி உங்களுக்கு. அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா அடுத்தவன் அடுப்படிக்குள்ள பூந்து, அவன் சோத்துல கைய வைக்கிற மாதிரி, அவன் வீட்டுச் சங்கதியப் பேசுனா, அது ஞாயம் இல்ல.”

“நான் இல்ல அண்ணாச்சி.”

“வேற யாரு டீச்சர் இங்க வேதக்காரங்க?” என்றார் சடையாண்டி. யாரோ சிரித்தார்கள்.

குழாயடியில் செண்பகவல்லி குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். எதிரே தன் வீட்டு நிலையில் சாய்ந்து நின்ற வேல்மயில் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. தாயம்மாள் கையில் தூக்குக் கட்டோடு ஒரு படியில் உட்கார்ந்திருந்தாள். கட்டி கெட்ட கட்டிதான் என்று சொல்லி வெட்டி எடுத்திருந்தார்கள், சின்னதாக இருக்கும்போதே வந்தது நல்லது என்றும் சொல்லியிருந்தார்கள். அவள் செண்பகவல்லியைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள்.

எஸ்தர் டீச்சர் பேசினாள். “நானா இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும் அண்ணாச்சி. இத்தன வருசமா இந்தக் குழாயிலதான் தண்ணி பிடிக்கேன். உங்க யாரு பேரையும் நான் அவர்கிட்ட சொன்னதில்ல. எம் மகனுக்கு வேல கெடைக்கணும், எனக்கு மூட்டுவலி போகணும், அவ்வளவுதான் நான் கேட்டது. அது யாரோ, அவங்க காலு தூசி நான். அந்தப் பேர நான் வாங்கிட்டுப் போகக் கூடாது. ஆனா போகச் சொன்னாப் போறேன்.” குனிந்து செருப்பைக் கழற்றினாள். கழற்றியவளுக்குத் தன் வீட்டுக்குப் போக வேண்டுமா வாசலுக்குத் திரும்ப வேண்டுமா என்று தெரியவில்லை, அப்படியே நின்றாள்.

குடம் நிறைந்து தண்ணீர் வழிந்து முற்றத்தில் ஓடியது. அண்ணாச்சியின் நாற்காலிக் காலை நனைத்தது. செண்பகவல்லி குழாயை மூடினாள்.

“டீச்சர் இல்ல அண்ணாச்சி. நான்தான்.”

யாரும் நம்பவில்லை. சடையாண்டிதான் முதலில் வாயைத் திறந்தார். “ஏட்டி, போ. போன பங்குனிக்கு மொதல் ஆளா முளைப்பாரி தூக்குனவ நீ.”

“தூக்குனேன். தூக்கிட்டுப் போகும்போதும் உங்க வண்டிக்காகத்தான் அவர்கிட்டக் கேட்டுட்டே போனேன். ரெண்டு பக்கமும் பயந்துட்டு இருந்தேன் அண்ணே.”

சடையாண்டி கையிலிருந்த பீடியைப் பற்றவைக்காமல் காதில் சொருகினார். வேல்மயில் நிலையை விட்டு இறங்கி வந்து, அவளுக்குப் பக்கத்தில், ஆனால் தொடாமல் நின்றான்.

“அப்பம் இங்க வச்சுச் சொல்லு” என்றாள் படியிலிருந்த தாயம்மாள், இப்போது நேராகப் பார்த்து. “எங்களப் பத்தி அவர்கிட்டப் பூராவும் சொல்லிட்டே. அவரப் பத்தி எங்ககிட்டச் சொல்லு. யாருட்டி அவரு? எங்க பிடிச்ச?”

செண்பகவல்லி இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஜெபக்கூட்டத்தில் தனக்கு நடந்ததைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னபோதெல்லாம் அழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கூட்டம் நடத்துகிற அக்கா சொல்லுகிற பெரிய சொற்கள் எதையாவது எடுக்கலாம் என்று தேடினாள். ஒன்றும் கையில் சிக்கவில்லை.

“மூணு வருசத்துக்கு முன்னால ஆஸ்பத்திரியில, என் பிள்ள அசையாமப் பொறந்தான்ல. நீங்க எல்லாரும் வந்தீங்க. எல்லாரும் அடுத்தது நல்லாப் பொறக்கும்னு சொன்னீங்க. நல்லதுக்குத்தான் சொன்னீங்க. நீங்க போன பெறகு பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த ஒரு அம்மா, யாருன்னே தெரியாது, வந்து என் ரெண்டு பாதத்தையும் பிடிச்சிட்டு உக்காந்தா. ஒண்ணும் பேசல. ஏம்மா உக்காந்திருக்கன்னு கேட்டேன். உனக்குக் காலு குளுந்து கெடக்கு, அதான்னா. நீ யாரு, உன்ன யாரு அனுப்புனான்னு கேட்டேன். அவ ஒரு பேரச் சொன்னா. அந்தப் பேர்கிட்டத்தான் பேசுதேன். எனக்குக் காலு சூடாச்சு. வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா.”

முற்றத்துத் தண்ணீர் சாக்கடைக்குள் இறங்கியது. எஸ்தர் டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது முன்வீட்டு வாசலிலிருந்து அண்ணாச்சியின் மனைவி சீதாலட்சுமி கேட்டாள், கோபமாக இல்லை, வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பதுபோல. “ஏம்மா, எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் வரல? நானும் குக்கர்ல வெறுந்தண்ணியெல்லாம் வச்சுப் பாத்துட்டேன்.”

அண்ணாச்சி திரும்பி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில்தான் வளவுக்கு விளங்கியது. எல்லா வீட்டுக் குக்கரும் என்ன சொன்னது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், முன்வீட்டுக் குக்கர் என்ன சொன்னது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எல்லா அடுப்படியிலும் பேசிய குரல் அவர் அடுப்படியில் மட்டும் பேசாமலே இருந்திருக்கிறது, அவரும் அதைத் தினமும் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். “ஏன்?” என்றார்.

செண்பகவல்லி வேல்மயிலைப் பார்த்தாள். அவன் இந்த முறை தலையை ஆட்டவில்லை. பொய் சொல்ல ஒரு வழியிருந்தது, சொன்னால் வீடு கூட நிலைத்திருக்கலாம். “உங்களுக்காக நான் கேக்கல அண்ணாச்சி. ஒருநாள் கூடக் கேக்கல. உங்களப் பாத்தாப் பயம். அதுக்கும் மேல, உள்ளதச் சொல்லணும்னா, உங்கள எனக்குப் பிடிக்கல. பிடிச்சவங்களுக்கு மட்டும் கேட்டுட்டு, அத ஜெபம்னு நெனச்சிட்டு இருந்தேன். அது என் தப்பு.”

அண்ணாச்சி நாற்காலியின் கையை விட்டார். அவர் மன்னித்துவிடுவார் என்று சிலர் நினைத்தார்கள், அடிக்க வருவார் என்று சிலர் நினைத்தார்கள். அவர் எழுந்து, வேட்டியின் நனைந்த ஓரத்தைப் பிழிந்தார். “டீச்சர் இருக்கட்டும். நீங்க மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

“சரி அண்ணாச்சி” என்றான் வேல்மயில். “ஷெட்டுக்கு வரவா, வேண்டாமா?”

“பாகுக்கு வேற எவனுக்கு இங்க காது இருக்கு. வா.”

மாசக் கடைசி வந்தது. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. சின்ன வேனில் கட்டிலும் பீரோவும் ஏறின. சடையாண்டி கயிறு கட்டிக்கொடுத்தார், அன்று அவர் குடித்திருக்கவில்லை என்று ராமலட்சுமியக்கா சொன்னாள், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை என்றும் அவளே சொன்னாள். தாயம்மாள் ஒரு கையால் பாத்திர மூட்டையைத் தூக்கி வைத்தாள். எஸ்தர் டீச்சர் வந்து, “வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுல நாலு பேரு உக்காந்து பேசுதோம், வாரியா” என்று கேட்டாள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் வளவுக்காரர்கள்.

செண்பகவல்லி வேனில் ஏறுவதற்கு முன்னால் முன்வீட்டைப் பார்த்து நின்றாள். கண்ணை மூடவில்லை. உதடு அசைந்தது, அதை மறைக்கவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஆனால் வேனின் இரைச்சலில் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பாதிச் சொல்லில் நின்றாள், திணறினாள், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். பிடிக்காத ஒருவருக்காகக் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லை. அண்ணாச்சி அந்த நேரம் வீட்டில் இல்லை, அவள் போவதைப் பார்க்க வேண்டாம் என்று ஷெட்டுக்குப் போயிருந்தார். முன்வீட்டுக்குள் குக்கர் ஒரு விசில் அடித்தது. இரண்டாவது அடித்தது. மூன்றாவதுக்கு வெளியே இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் சீதாலட்சுமி கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து நின்று, வேன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட வந்த அண்ணாச்சியிடம் “வந்துச்சு” என்று மட்டும் சொன்னாளாம்.

“என்ன சொல்லுச்சு?”

“உமக்குள்ளது. நீரே வந்து கேளும்.”

அவர் எத்தனை முறை கேட்டும் அவள் சொல்லவில்லை.

ராமலட்சுமியக்கா சொன்னது இத்தோடு முடிந்தது. குக்கர் பேசியதை நான் சரிபார்க்க முடியாது. அண்ணாச்சி கேட்க வருகிறாரா என்ற ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துவிட வேண்டும் என்று போன வருடம் ஒரு வேலை விஷயமாகக் கோவில்பட்டிக்குப் போனபோது அந்த வளவுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். பகல் சோறு வேகும் நேரத்துக்கு, வயதான ஒருவர் ஷெட் பக்கமிருந்து வேகமாக நடந்துவந்தார். டீக்கடைக்காரர் அண்ணாச்சி பேரைச் சொன்னார், அவர்தான், தினமும் இந்த நேரத்துக்கு வருவார் என்றார். அவர் செருப்பைக் கழற்றாமல் முன்வீட்டு வாசலில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, தலையை உள்பக்கமாகச் சாய்த்து நின்றார். விசில் வந்தது, வந்தது, வந்தது. மூன்றாவது வெறும் விசிலா பேச்சா என்று டீக்கடை வரை கேட்கவில்லை. அடங்கியதும் அவர், கேட்க மட்டும் வந்தவர்போல, சாப்பிடாமல் திரும்பி நடந்தார்.